மூச்சிரைப்பவர்களின் கால்கள்

பழுதடைந்த இரண்டு நுரையீரல்களையும் எடுத்துவிட்டு, நன்கொடையாகக் கிடைத்த நல்ல நுரையீரல்களைப் பொருத்திய பிறகும் நோயாளிகள் பலரால் தம் வயதுக்காரர்கள் அளவுக்கு உழைக்க முடிவதில்லை. பெடல் மிதிக்கச் சொல்லி அளந்து பார்த்தால், அவர்கள் உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு, இருக்க வேண்டியதில் பாதிக்குச் சற்று முன்பின்னாக நின்றுவிடுகிறது. காற்று தாராளமாகப் போய் வருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனும் குறையவில்லை. ஓய்ந்துபோவது தொடைதான். நாள்பட்ட நுரையீரல் நோய்க்கான மறுவாழ்வுச் சிகிச்சை ஏன் நுரையீரலை விட்டுவிட்டுக் கால்களைப் பிடித்துக்கொண்டது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

மருத்துவர்கள் சுருக்கமாக 'சிஓபிடி' என்று சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப் போகின்றன, காற்றுப் பைகள் சிதைகின்றன. சிதைந்தது திரும்ப வளராது. இன்ஹேலர் குழாய்களைக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் எல்லை. மறுவாழ்வுப் பயிற்சி முடித்த நோயாளியை ஊதச் சொல்லிப் பார்த்தால், முதல் நொடியில் அவர் வெளியேற்றும் காற்றின் அளவு பயிற்சிக்கு முன் இருந்த அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் அதே மனிதர் முன்பைவிட அதிக தூரம் நடக்கிறார், குறைவாக இரைக்கிறார். அளவுகோல் அசையவில்லை, ஆள் அசைகிறார். மருத்துவ உலகம் இந்த முரணைப் பல பத்தாண்டுகள் நம்பவில்லை. உற்சாக வார்த்தையால் வரும் மன நிறைவு என்றே பலர் ஒதுக்கினார்கள்.

விடை தசைக்குள் இருந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கீரன் கில்லியனும் நார்மன் ஜோன்ஸும் பெடல் மிதிப்பதை ஏன் நிறுத்தினீர்கள் என்று நோயாளிகளிடம் கேட்டு, மூச்சிரைப்புக்கும் கால் சோர்வுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார்கள். 1992-இல் வெளியான அந்த ஆய்வில், கால் சோர்வுக்கு மூச்சிரைப்பைவிடக் கூடுதலாகவோ அதற்குச் சமமாகவோ மதிப்பெண் போட்டவர்கள் ஏராளம். வேறு ஆய்வாளர்கள் தொடையின் முன்புறத் தசையில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நீண்ட நேரம் சோராமல் உழைக்கும் மெதுவகை நார்கள் குறைந்திருந்தன. சீக்கிரம் சோர்ந்துவிடும் வேகவகை நார்கள் கூடியிருந்தன. ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் நொதிகளும் குறைவு.

இதன் விளைவு நேரே மூச்சில் போய் முட்டுகிறது. ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாத தசை, நான்கு எட்டு வைத்தவுடனேயே லாக்டிக் அமிலத்தைக் கொட்டத் தொடங்கும். அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது கூடுதல் கரியமில வாயு பிறக்கிறது. அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டும். வேகமாக விடும்போது குறுகிய குழாய்கள் வழியே காற்று முழுதாக வெளியேற நேரம் போதாது. போன மூச்சின் மிச்சம் உள்ளேயே தங்க, அதன் மேல் அடுத்த மூச்சு ஏறுகிறது. மார்பு உப்பிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் புதுக் காற்றுக்கு இடமே இல்லாமல் ஆகிறது. மூச்சுத் திணறும் நோயாளிகள் உள்ளே இழுக்க முடியவில்லை என்று சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: வெளியே விட முடியவில்லை. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லிக் கொடுப்பது இதற்காகவே. நேரம் நீளும், குழாய் சட்டென மூடிக்கொள்ளாது, தேங்கிய காற்று கொஞ்சம் இறங்கும்.

நோயாளி மூச்சிரைப்புக்குப் பயந்து உட்காருகிறார், உட்கார்ந்தால் தொடை இளைக்கிறது, இளைத்த தொடை இன்னும் சீக்கிரம் அமிலம் சுரக்கிறது, மூச்சிரைப்பு கூடுகிறது. 2005-இல் ஃபாபியோ பிட்டாவும் பெல்ஜியத்து ஆய்வாளர்களும் இயக்கத்தைப் பதியும் கருவியை நோயாளிகளின் உடலில் கட்டிவிட்டு நாள்முழுதும் அளந்தபோது, அவர்கள் ஒரு நாளில் நடந்தது சராசரி 44 நிமிடம். அதே வயது ஆரோக்கியமானவர்கள் நடந்தது 81 நிமிடம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கால் தசை இப்படிச் சோம்பிப் போகும்போது, அதே உடலில் உதரவிதானம் நேர்மாறாக மாறுகிறது. கடுமையான சிஓபிடி உள்ளவர்களின் உதரவிதானத்தில் சோராத மெதுவகை நார்கள் கூடியிருப்பதை 1997-இல் சான்ஃபோர்ட் லெவினின் குழு காட்டியது. இரவும் பகலும் பாரத்தோடு மூச்சு விட வேண்டியிருப்பதால் அந்தத் தசை ஓட்டக்காரனின் தசைபோலத் தேறிவிட்டது. உழைத்தது தேறியது, ஓய்ந்தது தேய்ந்தது. மூச்சுத் தசையைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும் என்ற பொது நம்பிக்கைக்கு இது அவ்வளவு சாதகமான செய்தி அல்ல. 219 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவின் பல மையங்களில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பொதுப் பயிற்சியோடு மூச்சிழுப்புத் தசைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சிழுக்கும் பலம் கூடியது. நடை தூரம் அதனால் கூடவில்லை. கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளில் மூன்று பந்து மேலேறும் பிளாஸ்டிக் கருவி ஒரு சாமிப் படத்தின் மரியாதையோடு அலமாரியில் இருக்கிறது. அதை ஊதுவதையோ உறிஞ்சுவதையோ மறுவாழ்வுப் பயிற்சி என்று எண்ணிக்கொண்டு நடக்காமல் இருப்பவர்களைப் பார்க்கிறபோது, இந்த ஆய்வின் முடிவை யாராவது தெருத்தெருவாகச் சொன்னால் நல்லது என்று தோன்றுகிறது.

நுரையீரல் நோயென்றால் ஓய்வு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு காசநோய்ச் சானடோரியங்களிலிருந்து. மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஆகியவைதான் சிகிச்சை. மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்தக் காலத்தின் அடையாளம். ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் நிற்கிறது. அந்த மரபுக்குள்ளேயே எதிர்க்குரல்கள் இருந்தன. அமெரிக்காவின் டென்வர் நகரில் சார்லஸ் டெனிசன் 1895-இலேயே நுரையீரல் நோயாளிகளுக்கு உடற்பயிற்சியும் உணவும் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகம் எழுதினார். இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் 1905 முதல் நோயாளிகளைப் படிப்படியாக நடக்கவும் கூடை சுமக்கவும் மண்வெட்டி பிடிக்கவும் வைத்தார். ஆனால் ஒப்பீட்டு ஆய்வு என்று ஒன்று இல்லாத வரை இவையெல்லாம் தனிமனிதத் துணிச்சலாகவே எஞ்சின.

அந்த ஒப்பீடு சென்னையில் நடந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்த, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியப் படுக்கைக்கு, மறுபாதி சென்னை நகரத்து ஏழை வீடுகளுக்கு. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. 1959-இல் வெளியான முடிவில், நெரிசலான வீட்டில் போதாத சாப்பாட்டோடும் வேலையோடும் இருந்தவர்கள், படுக்கையில் கிடந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்திருந்தார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அது காசநோயைப் பற்றியது, சிஓபிடியைப் பற்றியது அல்ல என்பது சரிதான். ஆனாலும் ஓய்வு என்பதையும் ஒரு மருந்தைப்போலச் சோதித்துப் பார்க்கலாம், பார்த்தால் தோற்கவும் செய்யலாம் என்று காட்டிய ஆய்வு அது.

சிஓபிடிக்கு அந்தத் துணிச்சல் ஆக்சிஜன் வழியாக வந்தது. நியூயார்க்கில் ஆல்வன் பராக், ஆக்சிஜன் துணையோடு நடக்கவைத்த நோயாளிகள் நாளடைவில் அது இல்லாமலும் அதிகம் நடக்க முடிந்ததை 1952 வாக்கில் கவனித்து எழுதினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960களில் டென்வரில் தாமஸ் பெட்டி, தூக்கிச் செல்லும் ஆக்சிஜன், நடைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நோயாளிக் கல்வி எல்லாவற்றையும் ஒரே திட்டமாகக் கோத்து, வெளிநோயாளிகளுக்கே நடத்தினார். இன்றைய மறுவாழ்வுத் திட்டத்தின் எலும்புக்கூடு அதுதான்.

லாக்டிக் அமிலக் கதைக்கான உறுதியும் வந்தது. 1991-இல் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் கசபூரி குழு, வெறும் 19 நோயாளிகளை வைத்துக்கொண்டு, கடினப் பயிற்சி பெற்றவர்கள் அதே அளவு வேலையை முன்பைவிடக் குறைந்த அமிலத்தோடும் குறைந்த மூச்சோடும் செய்வதைக் காட்டியது. லேசாக மிதித்தவர்களுக்குப் பலன் குறைவு. 1996-இல் கியூபெக்கில் ஃபிரான்சுவா மால்தே, பயிற்சிக்குப் பின் தொடைத் தசையில் ஆக்சிஜன் நொதிகள் உயர்வதைத் துணுக்கெடுத்தே காட்டினார். மன நிறைவு வாதம் அதோடு முடிந்தது என்று சொல்லலாம். நொதிக்கு மனம் கிடையாது.

கடினமாக உழைத்தால்தான் பலன் என்பது நடைமுறையில் சங்கடமான உண்மை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு மூன்று முறை, நோயாளி வேண்டுமென்றே மூச்சிரைக்க நடக்க வேண்டும். ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த பத்து மதிப்பெண் அளவையில் நான்கிலிருந்து ஆறுக்குள் இரைப்பு நிற்க வேண்டும். விரலில் ஆக்சிஜன் அளவி, பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட், தொடைக்கு எடைப் பயிற்சி, கைக்கும் எடைப் பயிற்சி. கையை உயர்த்தித் தலை சீவும்போதும் கொடியில் துணி போடும்போதும் இவர்களுக்கு இரைப்பது பலருக்குப் புதிராக இருக்கும். மூச்சுக்குத் துணை நிற்கும் தோள் தசைகளை அந்நேரம் கை பறித்துக்கொள்கிறது என்பதே காரணம். பதினைந்து வருடமாக 'இரைக்குதா, உடனே உக்காருங்கப்பா' என்று பழக்கிய குடும்பத்திடம், இரைக்கட்டும், நடக்கட்டும் என்று சொல்லிப் புரியவைப்பதுதான் பிசியோதெரபிஸ்டுக்கு முதல் வேலை.

பலனை எதைக் கொண்டு அளப்பது என்பதே ஒரு தனி ஆராய்ச்சி. 1968-இல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படையினருக்காக 12 நிமிட ஓட்டச் சோதனையை உருவாக்கினார். 1976-இல் பிரிட்டனில் அதை மூச்சுக்குழாய் நோயாளிகளுக்கான 12 நிமிட நடையாக மாற்றினார்கள். அதுவும் நீளமென்று 1982-இல் இரண்டு, ஆறு, பன்னிரண்டு நிமிடங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஆறு நிமிடம் நிலைத்தது. முப்பது மீட்டர் நீளத் தாழ்வாரம், இரு முனையிலும் குறி, ஒரு கடிகாரம். இதைவிட எளிய சோதனை இருக்க முடியாது என்று தோன்றும். 1984-இல் கார்டன் கயாட் அந்த எண்ணத்தைக் கலைத்தார். நடப்பவரை இடையிடையே உற்சாகப்படுத்தினால் மட்டும் தூரம் சுமார் 30 மீட்டர் கூடியது. ஒரு சிகிச்சையால் நோயாளிக்கு உணரும்படியான நன்மை கிடைத்தது என்று சொல்ல வேண்டிய குறைந்தபட்ச முன்னேற்றமாக இன்று ஏற்கப்பட்டிருப்பதும் ஏறத்தாழ அதே 30 மீட்டர்தான். அதாவது, 'சபாஷ், நல்லா நடக்கறீங்க' என்ற ஒரு வார்த்தை ஒரு சிகிச்சைக்குச் சமம். இரண்டாவது முறை நடக்கும்போது, எந்தச் சிகிச்சையும் இல்லாமலே, பழக்கத்தால் இருபத்தைந்து மீட்டர் போலக் கூடுகிறது. அதனால்தான் 2002-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் சோதனையாளர் எந்த நிமிடத்தில் எந்த வாக்கியம் பேசலாம் என்பது வரை விதித்தது. கூடவே நடக்கக் கூடாது என்றும் சொன்னது. யார் எந்தத் தரப்பு என்று தெரியாத ஒருவர் அளந்தாரா என்று பார்க்காமல் இத்துறை ஆய்வு எதையும் நம்பக் கூடாது. பயிற்சி செய்தவருக்கு, தான் பயிற்சி செய்தது தெரியாமல் இருக்க வழியில்லை. மாத்திரைக்கு உள்ளதுபோல் போலி நடை கிடையாது.

இத்தனை வடிகட்டல்களையும் தாண்டிச் சான்று நின்றது. 2000-ஆம் ஆண்டு வெளியான கார்டிஃப் ஆய்வில் 200 நோயாளிகள். ஆறு வாரப் பயிற்சி பெற்றவர்களில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், அடுத்த ஓராண்டில் சராசரியாக 10.4 நாள் அங்கே இருந்தார்கள். பயிற்சி பெறாத தரப்பில் 21 நாள். 2015-இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 65 ஆய்வுகள், 3,822 நோயாளிகள் என்று தொகுத்தபோது ஆறு நிமிட நடையில் சராசரி 44 மீட்டர் முன்னேற்றம் தெரிந்தது. அதோடு அவர்கள் அரிதான ஒரு காரியம் செய்தார்கள். பயிற்சியை வெறும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வுகள் இனித் தேவையில்லை என்று அறிவித்து, அந்தத் தொகுப்பாய்வையே மூடிவிட்டார்கள். 'மேலும் ஆய்வு தேவை' என்று முடிப்பதையே தொழிலாகக் கொண்ட உலகில் 'போதும்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

போதாதது எங்கே என்பதையும் அதே துறை மறைக்கவில்லை. நோய் திடீரெனத் தீவிரமாகி மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கினால் என்ன என்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 389 பேரிடம் சோதித்தார்கள். 2014-இல் வந்த முடிவில், திரும்ப மருத்துவமனைக்கு வருவது குறையவில்லை. ஓராண்டில் இறந்தவர்கள் பயிற்சித் தரப்பில்தான் கூடுதலாக இருந்தார்கள். ஏன் என்பதற்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் இல்லை. பயிற்சி நல்லது, ஆகவே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு மனித உடலிடம் செல்லுபடியாகவில்லை. இன்னொரு குறை, பலன் கரைவது. பயிற்சியை நிறுத்தி ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் பழைய நிலை. மூன்றாவது குறைதான் என்னை அதிகம் உறுத்துவது: நடக்கும் திறன் கூடுகிறது, ஆனால் வீட்டில் நடக்கும் அளவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. முடியும் என்பதற்கும் செய்கிறேன் என்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை நொதிகளால் கடக்க முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தோல்வி, சிகிச்சை நோயாளியிடம் போய்ச் சேராததுதான். அமெரிக்காவில் சிஓபிடி திடீரெனத் தீவிரமாகி மருத்துவமனையில் சேர்ந்த 1,97,376 முதியோரின் காப்பீட்டுப் பதிவுகளை பீட்டர் லிண்டனாவர் குழு 2020-இல் அலசியது. வீடு திரும்பிய 90 நாளுக்குள் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் அந்தத் தரப்பில் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். இது குலுக்கல் ஆய்வு அல்ல. பயிற்சிக்கு வரும் தெம்பு உள்ளவர்கள் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்திருக்கலாம் என்பதைக் கழித்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனால் ஒன்றரை சதவீதம் என்ற எண்ணில் கழிக்க எதுவும் இல்லை. பணக்கார நாட்டில், காப்பீடு உள்ளவர்களுக்கு நிலைமை அது. காப்புரிமை எடுக்கவோ விற்பனைப் பிரதிநிதியை அனுப்பவோ முடியாத சிகிச்சை என்பது இதில் ஒரு பங்குக் காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு வரும்போது கேள்வியே கொஞ்சம் மாறுகிறது. 2016-இல் இங்கே சிஓபிடி உள்ளவர்கள் 5.53 கோடிப் பேர் என்று ஒரு தேசிய மதிப்பீடு 2018-இல் வெளியானது. உலக மக்களில் 18 சதவீதம் உள்ள நாடு, நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய ஆண்டுகளில் 32 சதவீதத்தை அந்த ஆண்டில் சுமந்தது. மேற்கில் இந்நோய் பெரும்பாலும் சிகரெட்டின் பிள்ளை. அங்கு நடந்த ஆய்வுகள் பலவற்றில், பத்தாண்டு தினம் ஒரு பாக்கெட் புகைத்தவர் என்பது சேர்வதற்கான தகுதி. இங்கே புகைக்காதவர்களின் சிஓபிடி பெரிய விஷயம். சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ரிசில்லா ஜான்சன், கல்பனா பாலகிருஷ்ணன் குழு திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களை ஊதவைத்துச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் இரண்டரைப் பேருக்கு சிஓபிடி இருந்தது. விறகும் வறட்டியும் எரிந்த அடுப்புகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். அதோடு, உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இங்கே. கிருமி போன பிறகும் வடுப்பட்ட நுரையீரலோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். 'டிபி முழுசா சரியாயிடுச்சு' என்று அட்டையை மூடிய அன்று தொடங்கும் மூச்சிரைப்பு யாருடைய பதிவேட்டிலும் வருவதில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இந்தியா, இலங்கை, உகாண்டா, கிர்கிஸ்தான் ஆய்வாளர்கள் சேர்ந்து 2017 முதல் நடத்தும் கூட்டு முயற்சி இப்படிப்பட்ட நோயாளிகளுக்கே பயிற்சியை வடிவமைக்கப் பார்க்கிறது. உகாண்டாவில் காசநோய்க்குப் பிந்தைய நோயாளிகளிடம் செய்த சிறு முன்னோட்டத்தில் நடை தூரம் நன்றாகவே கூடியது.

யோகாவைப் பற்றிக் கேட்காமல் நம்மூரில் இந்தப் பேச்சு முடியாது. ஒடிசாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 12 வார யோகப் பயிற்சி மூச்சிரைப்பைக் குறைத்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் ஒப்பிட்டது வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு, நடைப் பயிற்சி பெற்றவர்களோடு அல்ல. சீனாவில் தாய்ச்சி என்ற மென்னசைவுப் பயிற்சியை நேரடியாக மறுவாழ்வுப் பயிற்சியோடு மோதவிட்டு, 120 பேரில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்று 2018-இல் காட்டினார்கள். பயிற்சி நின்று 12 வாரம் கழித்து தாய்ச்சித் தரப்பு சற்று முன்னே இருந்தது. யோகாவுக்கும் அப்படி ஒரு நேர்மையான மோதல் தேவை. பெருமைக்கு அதில் வேலையில்லை.

கருவிகளும் கட்டடமும் எவ்வளவு தேவை என்பதற்கு மெல்போர்ன் ஆய்வு ஒரு பதில் சொல்கிறது. 2017-இல் வெளியான அந்த ஆய்வில் ஆன் ஹாலண்டின் குழு 166 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு தரப்பு மருத்துவமனைக்கு வந்து பயின்றது. மற்றத் தரப்பினர் வீட்டுக்கு ஒரே ஒரு முறை பிசியோதெரபிஸ்ட் போனார். பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வீதம் ஏழு அழைப்புகள். எட்டு வாரம் முடிந்தபோது நடை தூரத்தில் வீட்டுத் தரப்பு பின்தங்கவில்லை. பயிற்சியை முழுமையாக முடித்தவர்கள் வீட்டில் 91 சதவீதம், மருத்துவமனையில் 49. ஓராண்டுக்குப் பின் இரு தரப்பிலும் பலன் கரைந்ததையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவது ஏற்கெனவே இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் அதன் முதல் அக்கறை. நுரையீரல் நோயாளிகளின் பயிற்சிக்கும் அதே ஆட்கள், அதே வண்டி, அதே கைபேசி போதும். முப்பது மீட்டர்த் தாழ்வாரம் இல்லாத வீட்டில், ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணும் சோதனை போதும். அதற்கும் முறையான ஆய்வு ஆதாரம் உண்டு. சில வட்டாரங்களில் முதலிலும் சிலவற்றில் ஓராண்டு கழித்தும் குலுக்கல் முறையில் தொடங்கினால், காத்திருக்கும் வட்டாரங்களே ஒப்பீட்டுத் தரப்பாகிவிடும். கார்டிஃபில் எண்ணியதுபோல ஓராண்டின் மருத்துவமனை நாட்களை எண்ணலாம். பயிற்சி பலன் தருமா என்பது அந்த ஆய்வின் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. ஏழு அழைப்புகளோடு நிறுத்தாமல் மாதம் ஒரு அழைப்பைத் தொடர்ந்தால் பலன் கரையாமல் நிற்குமா என்பதுதான் இன்னும் விடை தெரியாத கேள்வி. சேர்க்கைப் படிவத்தில் சிகரெட் கணக்குக்கு ஒதுக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், எந்த அடுப்பு, தினம் எத்தனை மணி நேரம், இப்போதும் அதே அடுப்பா என்று மூன்று கட்டங்கள் வேண்டும். பழைய காசநோய்க்கு ஒன்று.